கூடல்வாய் முதல் தூம்பு வரை: வளவு வீட்டு மராமத்துக் குறிப்புகள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் எங்களுக்கு ஒரு பூர்வீக வீடு இருக்கிறது. எங்களுக்கு என்றால் ஐந்து புள்ளிக்கும் சேர்த்து. செட்டிநாட்டுப் பேச்சில், கல்யாணமான ஆண்மகனும் அவன் குடும்பமும் ஒரு புள்ளி. எத்தனை புள்ளியோ அத்தனை பங்கு. அறைகள் பங்காளிகளுக்குள் பிரிந்துவிடும். முகப்பும் வளவும் பொது, மேலே இருக்கும் ஓடும் பொது. ஆகவே ஓடு ஒழுகினால், அது யார் பங்கு ஒழுக்கு என்று பேசி முடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்து போய்விடும். இந்தத் தடவை எல்லோரும் கைக்காசு போட்டார்கள். ஊரில் இருந்து வேலையைப் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் கட்டட வேலை படித்தவன் இல்லை. கொத்தனாரும் ஆசாரியும் பேசுவதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். பழைய வீட்டை எடுத்துச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். அகராதி மாதிரி அகரவரிசையில் தர முடியவில்லை. வேலை எந்த வரிசையில் நடந்ததோ, அந்த வரிசைதான். அதாவது மழைத்தண்ணீர் போகிற வரிசை. 'மேல அடைக்காம கீழ பூசுனா ரெண்டு செலவு தம்பி' என்று பெரிய கொத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மேங்கோப்பு

வீட்டின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீளும் வீடு. முன்னால் முகப்பு, அதில் இரு பக்கமும் திண்ணை. நிலையைத் தாண்டி உள்ளே போனால் வளவு. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அப்புறம் அடுப்படிக் கட்டு, பின்வாசல். முன்வாசலில் நின்றால் பின்வாசல் நேராகத் தெரியும். வளவு என்பது நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள் என்று எல்லாம் சேர்ந்தது. முற்றத்தின் நாலு பக்கமும் ஓட்டுக்கூரை உள்நோக்கி இறங்குகிறது. ஊருக்குப் பெய்கிற மழையில் நம் பங்கு வீட்டுக்குள்ளேதான் விழும்.

இந்த ஓட்டுக்கூரையைத் தாங்குகிற மரவேலை முழுவதற்கும் மேங்கோப்பு என்று பெயர். உச்சியில் நீளவாக்கில் ஓடுவது முகட்டு வளை. அதிலிருந்து சரிவாக இறங்குபவை கைமரங்கள். கைமரத்துக்குக் குறுக்கே, ஓடு உட்கார அடிக்கிற மெல்லிய சட்டம் ரீப்பர். பழைய ஆட்கள் வரிச்சல் என்பார்கள். கைமரத்தின் கீழ்முனை ஒரு பக்கம் சுவர்மேலோ உத்தரத்தின்மேலோ உட்காரும். உத்தரமும் விட்டமும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். தூண் தலைகளின்மேல் வரிசையாக நீளப்போவது உத்தரம். சுவருக்குச் சுவர் குறுக்கே பாய்வது விட்டம். தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரி ஒரு கட்டை இருக்கிறதே, அது போதிகை. அலங்காரத்துக்கு வைத்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உத்தரத்தின் சுமையை அகலமாக வாங்கித் தூணுக்குள் இறக்குகிற வேலை அதற்கு இருக்கிறது. போதிகையில் வெடிப்பு தெரிந்தால் பூ வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு பக்கக் கூரை முற்றத்தின் மூலையில் சந்திக்கும் பள்ளம் இருக்கிறதே, அதுதான் கூடல்வாய். முற்றத்துக்கு நாலு மூலை, அதனால் நாலு கூடல்வாய். இரண்டு சரிவின் தண்ணீரும் அங்கேதான் கூடி இறங்கும். அப்பத்தா இளவயதில் இந்தக் கூடல்வாய்களுக்கு நேர் கீழே செப்புக் கிடாரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். முதல் மழை ஓட்டைக் கழுவட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிப்பது வழக்கம். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்று இன்றைக்கும் சொல்வார்கள். சரியான பேச்சுதான். மழைத்தண்ணீரில் கடினத்தன்மை கிடையாது.

எங்கள் வீட்டில் ஒழுக்கு தெரிந்தது வடகிழக்கு அறையின் சுவரில். கொத்தனார் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஏணி போட்டு ஏறினார். 'தண்ணி கைமரத்தப் புடிச்சு நடந்து வரும். சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது.' அவர் சொன்னது போலவே, ஒழுகிய இடத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளிக் கூடல்வாயில்தான் கோளாறு. பள்ளத்தில் விரித்திருந்த பழைய தகரம், ஆணி அடித்த வரிசையிலேயே துருப்பிடித்து ஓட்டை விட்டிருந்தது. முன்பு எப்போதோ மராமத்துப் பார்த்தவர், ஓடு நழுவாமல் இருக்கத் தகரத்தின் இரு ஓரமும் சிமெண்ட் கலவை வைத்து மெழுகியிருந்தார். வெயிலில் மரம் சுருங்கும், விரியும். சிமெண்ட் அசைந்து கொடுக்காது. விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியே போன தண்ணீர் காயவும் வழியில்லாமல் அடியில் இருந்த மரத்தை இற்றுப்போக வைத்திருக்கிறது. கூடல்வாயைத் தாங்கும் மூலைக்கை மரத்தின் கீழ்முனை, விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

ஓடு பிரிக்கும்போது நாட்டு ஓட்டின் கணக்கு புரிந்தது. குயவர் சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, காய்வதற்குமுன் நெடுக்காக இரண்டாகப் பிளந்து சுடுவதால் ஒவ்வொரு ஓடும் பாதிக் குழலாக, ஒரு முனை குறுகலாக இருக்கும். ஒரு வரிசையை மல்லாத்தி வைத்து, இரண்டு மல்லாத்திய வரிசைகளின் விளிம்பை மூடும்படி அடுத்த வரிசையைக் கவிழ்த்தி அடுக்க வேண்டும். சாந்து கிடையாது, ஆணி கிடையாது. தன் எடையிலேயே நிற்கும். அதனால்தான் குரங்கு ஓடினாலும் மயில் வந்து உட்கார்ந்தாலும் நகர்ந்துவிடுகிறது. எங்கள் பக்கம் மயில் அதிகம். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆள் விட்டு ஓடு மாற்றுவது முன்பெல்லாம் தீபாவளித் துணி எடுப்பது மாதிரி தவறாமல் நடக்கும். இன்று வீட்டில் ஆள் இல்லை, வழக்கமும் போய்விட்டது. மங்களூர் ஓட்டை, அதாவது சீமை ஓட்டை, மாட்டிய வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆனால் நாட்டு ஓட்டுக்கென்று கட்டிய மேங்கோப்பின் சரிவும் ரீப்பர் இடைவெளியும் வேறு. நடுவில் மாற்றினால் மேலே ரீப்பர் முழுவதையும் பிரித்து அடிக்க வேண்டிவரும். நாங்கள் மாற்றவில்லை.

பிரித்த ஓட்டை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். கணீர் என்றால் நல்ல ஓடு. சத்தம் செத்திருந்தால் உள்ளே மயிரிழை வெடிப்பு. கழித்ததற்குப் பதில் இடிக்கிற வீட்டு ஓடுகளை வாங்கினோம். இன்று இந்த வட்டாரத்தில் பழைய சாமானுக்குப் பஞ்சம் இல்லை, வருத்தமான காரணத்தால். 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. பட்டியல் ஓட்டை அடைக்காது, பங்காளிகளைச் சேர்க்காது. பிரித்து விற்கிற வீடுகள் விற்றுக்கொண்டேதான் இருக்கின்றன.

மூலைக்கைக்கு ஒட்டுப் போட வேண்டிய தேக்குக்கட்டையும் அப்படித்தான் கிடைத்தது, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில். அங்கே பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆசாரி ஒரு கட்டையின் முனையை உளியால் சீவி, உள்ளே நிறம் பார்த்தார். வெளிப்பக்கம் வெளிறியிருப்பது வெள்ளைக்கட்டை. உளுக்கும், கறையான் தின்னும். உள்ளே கருத்து எண்ணெய் மின்னுவது வைரம். பர்மாத் தேக்கின் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்த வைரப்பகுதிதான். வெள்ளை நிறைய இருக்கிற கட்டையைப் பர்மா என்று சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள்.

மரத்தை வெட்டுவதற்கு முன் முட்டுக் கொடுத்தார்கள். முட்டு என்பது தற்காலிகத் தாங்கு. தரையில் பலகை போட்டு, அதன்மேல் சவுக்குக்கட்டையை நிமிர்த்தி, ஆப்பு அடித்து, மேலே இருக்கிற சுமையை அதில் ஏற்றிவிடுவது. பிறகு இற்றுப்போன முனையை, வைரம் தென்படும் இடம் வரை அறுத்து எடுத்தார் ஆசாரி. பழைய மரத்தில் பாதித் தடிமனைச் சாய்வாகச் சீவி, புதுக்கட்டையிலும் எதிர்ச்சாய்வு சீவி, ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்துப் போல்ட்டு போட்டு இறுக்கினார். ஒட்டின் நீளம் மரத்தின் தடிமனைப்போல மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது என்பது அவர் கணக்கு. சுவருக்குள் போகிற முனைக்கு முந்திரி எண்ணெய் தடவினார். முந்திரிக்கொட்டைத் தோலில் எடுப்பது, கையில் பட்டால் பொத்துவிடும், ஜாக்கிரதை. அந்த முனையைச் சுற்றிச் சிமெண்ட் போட்டு அடைக்காமல் கொஞ்சம் காற்று இடம் விடச் சொன்னார். மரமுனை மூச்சுவிட முடிந்தால் இற்றுப்போகாது.

கூடல்வாய்க்குப் புதிதாக இரண்டடி அகல ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, போட்டோம். தகட்டின் இரண்டு ஓரத்தையும் முக்கால் அங்குலம் மேல்நோக்கி மடித்தாயிற்று. மழை கொட்டும்போது தண்ணீர் எகிறிப் பக்கவாட்டில் போகாது. மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் ஆறு அங்குலம் ஏறும்படி. ஆணி மடிப்புக்கு வெளியே மட்டும், தண்ணீர் ஓடும் பாதையில் ஒன்றுகூடக் கிடையாது. ஓட்டு விளிம்புக்குச் சிமெண்ட் வேண்டாம் என்று நானே சொன்னேன்.

ஓதம்

கூரை சரியானது. சுவர் சரியாகவில்லை. அந்த அறையில் மட்டும் அல்ல, வளவைச் சுற்றிப் பல இடத்தில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இது மேலிருந்து வந்த தண்ணீர் இல்லை, கீழிருந்து ஏறியது. கொத்தனார்கள் ஓதம் என்பார்கள்.

கடைக்கால், அதாவது அஸ்திவாரம், எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் செம்பூராங்கல்லில் இருக்கும். மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகுகிற செந்நிறக் கல். அதில் கண்ணுக்குத் தெரியும் துளைகள் உண்டு. அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். இன்றைய கட்டடத்தில் பேஸ்மட்டத்தின்மேல் ஈரம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்கு போடுவார்கள். பழைய சுவரில் அது இல்லை. நுண்துளைகள் வழியே ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிப் போய்விடும். ஏறுவதும் போவதும் சமமாக இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான் நூறு வருஷம் நின்றிருக்கிறது. எங்கள் வீட்டில், முன்பு வேலை பார்த்த ஒரு காண்டிராக்டர், உதிராமல் இருக்கட்டும் என்று இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மேலே எனாமல் பெயிண்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். வெளியேற வழி அடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறியது. மண்ணிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, படிகம் பெருக்கப் பெருக்கப் பூச்சை வெளியே தள்ளியது. தண்ணீர் செய்யாத சேதத்தையும் உப்பு செய்துவிடும்.

எனவே சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுத்தோம். தட்டினால் பொதபொதவென்று ஒலித்த இடங்கள் அடை அடையாகக் கழன்று வந்தன. பிடித்திருந்த இடங்களில் செங்கல்லின் முகமும் சேர்ந்து போனது. அதற்காகவே மிஷினைத் தொடவிடாமல், சிறு உளியும் சுத்தியலும் மட்டும் கொடுத்தோம். செங்கல் சந்துகளை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டிவிட்டார்கள், புதுப்பூச்சுக்குப் பிடிமானம் வேண்டுமே. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த தேங்காய்நார் பிரஷ்ஷால் துடைத்து, தூளை முறத்தில் வாரி வெளியே கொட்டினார்கள். அப்புறம் சுவரை அப்படியே அம்மணமாகச் சில வாரம் விட்டுவைத்தோம். வந்து பார்த்த பங்காளிகளுக்கு இதுதான் பொறுக்கவில்லை. காசைக் கொடுத்து வீட்டைச் சிதைத்து வைத்திருக்கிறான் என்று அப்பத்தாவிடம் புகார் போனது. 'காயாத சுவத்துல பூசுனா கல்யாணத்துக்குள்ள உதிந்திரும்டா, போங்கடா' என்று அப்பத்தா அவர்களை அனுப்பிவைத்தார்கள். எந்தக் கல்யாணம் என்று யாரும் கேட்கவில்லை.

காத்திருந்த நாளில் சுண்ணாம்பு தயாரானது. சூளையில் சுட்ட கல் தண்ணீரைப் பார்த்ததும் கொதிக்கும். அதை நீற்றுதல் என்று சொல்கிறோம். தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால், குவியலின்மேல் தண்ணீர் ஊற்றினால், தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நீறியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி ஊறப்போட்டால் வெண்ணெய் மாதிரி வரும். ஊற ஊறத் தரம் கூடும். கல் சுண்ணாம்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று இரண்டு உண்டு. கிளிஞ்சலில் சுட்டது வெண்மை, மேல் பூச்சுக்கு அதைத்தான் கேட்டார்கள்.

இன்னொரு பக்கம் கடுக்காயை நொறுக்கி, வெல்லத்தோடு பீப்பாயில் ஊறவைத்திருந்தோம். புளித்து நுரைத்துத் தெருமுனை வரை வாடை போனது. வெல்லச் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கும், சாந்து கையாள இலகுவாகும். இந்தத் தண்ணீரில்தான் சாந்து குழைத்தது. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல், ஈரம் அதிகமான கீழ்ப்பகுதிக்கு மட்டும் மணலில் ஒரு பாகத்தைக் குறைத்துச் சுர்க்கி. சுர்க்கி என்பது நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூள். வெறும் சுண்ணாம்பு காற்று பட்டால்தான் இறுகும். சுர்க்கி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். ஊர் ஊருக்குக் காரைச் செக்கு இருந்த காலத்தில் மாடு கட்டி இந்தச் சாந்தை அரைத்தார்கள். நாங்கள் அரவை மிஷின் வாடகைக்கு எடுத்தோம். சும்மா கலக்கினால் போதாது, அரைபட வேண்டும். அரைபட்ட சாந்து கரண்டியிலிருந்து வழுக்காமல் பசபசவென்று இழுக்கும்.

பூசும்போது காதில் விழுந்த சொற்கள் இவை. தூக்குக்குண்டு, சுவர் நேர்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க. ரசமட்டம், கிடைமட்டம் பார்க்க. மட்டப்பலகை, பூச்சின் முகத்தைச் சமமாக இழுத்துவிட. மணியாசுக்கட்டை, தேய்த்து இறுக்க. அப்புறம் நூல். இது கயிறும்தான், அளவும்தான். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். 'நாலு நூல் பூச்சு' என்றால் அரை அங்குலம். 'ரெண்டு நூல் சாய்ஞ்சிருக்கு' என்றால் கால் அங்குலம். பழைய சுவர் எதுவும் தூக்குக்குண்டுக்கு நிற்காது. அதை நேராக்கப் போனால் ஓர் இடத்தில் பூச்சு இரண்டு அங்குலம் தடித்து, தன் எடையாலேயே கழன்றுவிடும். சுவர் வளைந்தால் பூச்சும் வளையட்டும் என்று விட்டுவிட்டோம். கண்ணுக்கு அதுதான் அழகாகவும் இருக்கிறது.

சிமெண்ட்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் அடித்தால் வேலை முடிந்தது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத் திரும்பவும் கல்லாக மாறுவது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். வெயில் நேராகப் பட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். முற்றத்துப் பக்கம் நனைத்த சாக்குத் தொங்கவிட்டோம். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் அவசரப்படுத்தியவன் நான்தான் என்று எழுத ஆசை. கொத்தனார் இடமே தரவில்லை.

முகப்பில் இரண்டு சுவருக்கு மட்டும் முட்டைப்பூச்சு வைத்துப் பார்த்தோம். எல்லா இடத்துக்கும் கட்டுப்படியாகாது. துணியில் வடித்த கிளிஞ்சல் சுண்ணாம்பு, வெள்ளைக்கல் மாவு, முட்டை வெள்ளைக்கரு. காகிதக் கனத்தில் ஏற்றி, இறுகத் தொடங்கும் நேரம் பார்த்துச் சிறு கரண்டியால் திரும்பத் திரும்ப அழுத்தித் தேய்க்க வேண்டும். நேரம் முந்தினால் இழுபடும், பிந்தினால் கறுப்புக் கோடு விழும். கடைசியில் வழவழப்பான கல்லால் உருட்டித் தேய்த்தார் பெரியவர். முகம் பார்க்கலாம் போல வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியாத ஒரு வேலை: பூசி முடித்த சுவர் வியர்க்கும். மறுநாள் காலையில் துளித்துளியாக நீர் கோத்து நின்றது. அதை உடனுக்குடன் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் வடிந்த தடம் அப்படியே நிலைத்துவிடும். சித்தாள் ஒருவர் பழைய வேட்டித் துண்டோடு அந்தச் சுவருக்கென்றே நின்றார்.

முற்றமும் தூம்பும்

சுவருக்கு ஓதம் ஏறியதில் முற்றத்துக்கும் பங்கு உண்டு. முற்றத்தில் பாவியிருக்கும் கருங்கல் பலகைகளில் இரண்டு, கிழக்குப் பக்கம் இறங்கியிருந்தன. தண்ணீர் தூம்புக்குப் போகாமல் அங்கேயே குளம் கட்டி, மெல்லத் தாழ்வாரத்துச் சுவரடிக்குப் போயிருக்கிறது. தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் வைக்கும் சரிவை வாட்டம் என்பார்கள். கூரைக்குச் சரிவு, தரைக்கு வாட்டம். கொத்தனாரிடம் 'வாட்டம் பாத்துப் போடுங்கண்ணே' என்றால் போதும், அவர் எந்த மூலையை நோக்கி என்று கேட்பார். பத்தடிக்கு ஓர் அங்குலம் வைத்தோம். அளந்தது டியூப் மட்டத்தால்: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால், எவ்வளவு தூரமானாலும் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு பொய். அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறங்கிய பலகைகளைக் கடப்பாரையால் நெம்பி, அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துக் கெட்டிப்படுத்தி, திரும்பப் படுக்க வைத்தார்கள். தூம்பு என்பது முற்றத்திலிருந்து வீட்டுக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போகும் கல் கால்வாய். அதன் வாயில் துளையிட்ட ஒரு கல் வைத்திருப்பார்கள், எலியும் குப்பையும் போகாமல். எங்கள் தூம்பில் அடைத்துக்கொண்டிருந்ததை எடுத்தபோது மண், தேங்காய்நார், பல்லாங்குழிச் சோழி, ஒரு பித்தளைக் கரண்டி எல்லாம் வந்தன. அந்தக் காலத்தில் தெருக் கால்வாய் ஊருணிக்குப் போகும்படிதான் ஊர்களை அமைத்தார்கள். இப்போது தெருவைத் தார்போட்டுத் தார்போட்டு உயர்த்தியதில் எங்கள் தூம்பின் வெளிவாய் பாதி புதைந்திருக்கிறது. அதற்கு வீட்டுக்குள் நின்று செய்ய ஒன்றும் இல்லை. வெளிவாய்க்கு முன்னால் சிறு தொட்டி கட்டி, நிரம்பினால் கால்வாய்க்கு வழியும்படி செய்துவிட்டோம்.

ஒழுகிய அறையின் மூலையில் பூக்கல் சில உடைந்திருந்தன. ஊரில் பூக்கல் என்றால் ஆத்தங்குடிக் கல். ஆத்தங்குடிக்கே போய் வாங்கினேன். கண்ணாடித் தகட்டை இரும்புச் சட்டத்துக்குள் வைக்கிறார்கள். அதன்மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறம் என்று கலர் சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றுக்கொன்று கலக்காமல் நிற்கின்றன, எப்படி என்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை, கை அவ்வளவு வேகம். மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதன்மேல் ஈரக்கலவையை அழுத்தி மட்டம் செய்து, சட்டத்தைக் கழற்றுகிறார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வந்தபின் கண்ணாடி தானாகக் கழன்று வரும். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, சுடுவது கிடையாது.

பதிக்கும்போது ஸ்பேசர் வைக்க வேண்டாம், ஒட்ட ஒட்ட வைக்கிற கல் இது. மரச்சுத்தியால் தட்டி, நூல் பிடித்து மட்டம் பார்த்து, சந்துக்கு அதே நிறச் சிமெண்ட் பால் விட்டு, உடனே துடைத்துவிட வேண்டும். பிறகு உமி போட்டுத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் நிறம் எடுக்கும். எக்காரணம் கொண்டும் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். சிமெண்ட்டை ஆசிட் தின்னும், பூவின் முகமே போய்விடும். வீடு குடிபுகுமுன் ஆசிட்டில் கழுவித் தருகிறேன் என்று சொல்கிற கிளீனிங் ஆட்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

கூலிக் கணக்கு

கணக்குப் பேசும்போது உதவும் இரண்டு சொல்: சதுரம் என்றால் நூறு சதுர அடி, யூனிட் என்றால் நூறு கன அடி. பூச்சு, தளம், ஓடு எல்லாம் சதுரக் கணக்கு. மணல், ஜல்லி யூனிட் கணக்கு. புது வீட்டுக்குச் சதுரத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவது சரி. பழைய வீட்டுக்கு வேண்டாம். பிரித்துப் பார்க்காமல் எவ்வளவு வேலை என்று யாருக்கும் தெரியாது. மொத்தமாகப் பேசியவர் பிரிக்காமலே மூடிவிடப் பார்ப்பார், அவர் பக்கம் அதுதான் நியாயம். சாமான் நம்முடையது, ஆட்களுக்குத் தினக்கூலி. கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி, சாரம் கட்டிய அன்று சாரக்காரருக்குத் தனி. சாயங்காலம் கணக்கை நோட்டில் எழுதி, வாரத்துக்கு ஒருமுறை பங்காளிகளின் வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டேன். சண்டை வரவில்லை என்று சொல்ல மாட்டேன், குறைவாக வந்தது.

மீதி இருப்பது இரண்டாம் கட்டின் மட்டப்பா, அதாவது மொட்டை மாடி, மெட்ராஸ் தளம் போட்டது. தேக்குக் கட்டைகளின்மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கு நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையை மூன்று நாலு அங்குலம் விரித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே இரண்டடுக்குத் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த தளம். எங்கள் மட்டப்பாவில் தட்டோட்டுச் சந்துகள் வாய் பிளந்திருக்கின்றன, காரை இன்னும் கெட்டியாக இருக்கிறது. மேலே தார் ஷீட் ஒட்டச் சொல்லி இரண்டு பேர் வந்து போனார்கள். தட்டோட்டை மட்டும் எடுத்து, வாட்டம் திருத்தி, புதிதாகப் பதித்தால் போதும் என்கிறார் கொத்தனார். தை பிறந்ததும் ஆரம்பிக்கிறோம். தட்டோட்டுக்கு மானாமதுரைச் சூளைகளில் சொல்லி வைத்திருக்கிறேன். மிஞ்சிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் டிரம்மில் ஊறிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பயன்படும்.